இத்தாலிக்கு இன்னும் 50 நாட்கள்

நமது சங்கத்தைச் சேர்ந்த வணிகர்கள் 19 பேரும் அவர்களுடைய இல்லத்தரசிகள் 15 பேருமாக மொத்தம் 34 பேர், வருகிற மே மாதம் 21ஆம் தேதி இரவு விமானத்தில் இத்தாலி நாட்டுக்குப் புறப்படுகிறோம். இந்தச் செய்தி வெளியானது முதல் மண்டித் தெருவில் இரண்டு விதமான பேச்சு நடமாடுகிறது. ஒன்று, "ஆளுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் செலவு. ஆன்லைன்காரன் பத்து நிமிடத்தில் பருப்பைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் வைக்கிற காலத்தில் இது தேவையா?" என்பது. இரண்டாவது பேச்சு போகிறவர்கள் தரப்பிலிருந்தே வருகிறது. "வெறும் சுற்றுலா என்று சொல்ல வேண்டாம், வணிகக் கல்விப் பயணம் என்று போட்டுவிடலாமே" என்கிறார்கள். முதல் பேச்சைக் காட்டிலும் இந்த இரண்டாவது பேச்சுதான் நமக்கு வருத்தம் தருகிறது.

முதல் பேச்சுக்குப் பதில் சுருக்கமானது. சங்கப் பணம் ஒரு பைசா இதில் சேரவில்லை. அவரவர் சம்பாதித்து, வரி கட்டி, சேமித்த பணத்தில் அவரவர் போகிறார்கள். கேட்க வேண்டியவர் அவரவர் வீட்டு அம்மாதான். அவரும் கூடவே வருகிறார்.

இரண்டாவதற்கு வருவோம். ஓய்வுக்காகப் போகிறோம் என்று சொல்ல வணிகனுக்கு ஏன் இத்தனை கூச்சம்? ஆசிரியருக்குக் கோடை விடுமுறை உண்டு. அரசு ஊழியருக்கு ஈட்டிய விடுப்பு உண்டு. மளிகைக் கடைக்காரருக்கு என்ன உண்டு? பொங்கலன்று பிற்பகல், மே 5 வணிகர் தினம், அப்புறம் வீட்டில் துக்கம். வேறு எந்த நாளில் கதவு சாத்தியிருந்தாலும், "அண்ணாச்சிக்கு என்னாச்சு?" என்று தெருவே பதறிப் போகிறது. நாற்பது ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்த ஒருவர் பத்து நாள் மனைவியோடு ஊர் பார்க்கப் போவதற்குக் கல்வி என்றும் ஆய்வு என்றும் பொய்ப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. ஓய்வுக்குப் போகிறோம், ஊர் பார்க்கப் போகிறோம் என்றே சொல்வோம்.

நாம் போகிற நாட்டில் வணிகர்கள் இதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இத்தாலியில் ஆகஸ்டு 15ஆம் நாளுக்கு ஃபெர்ராகோஸ்தோ என்று பெயர். கி.மு. 18இல் அகஸ்டஸ் பேரரசர் ஏற்படுத்திய ஓய்வுத் திருநாளின் தொடர்ச்சி அது. அந்த நாளை ஒட்டி ரொட்டிக் கடைக்காரர், மளிகைக் கடைக்காரர், முடிதிருத்துபவர் எனப் பலர் ஒரு வாரம், இரண்டு வாரம் கடையை அடைத்துவிட்டுக் கடற்கரைக்கோ மலைக்கோ குடும்பத்தோடு போய்விடுகிறார்கள். ஷட்டரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: விடுமுறைக்காக மூடியிருக்கிறோம், இன்ன தேதியில் திறப்போம். யாரும் "என்னாச்சு?" என்று பதறுவதில்லை. ஊரே பட்டினி கிடக்காதபடி, ரொட்டிக் கடைகளும் மருந்துக் கடைகளும் முறை வைத்துத் திறந்திருக்கப் பல ஊர்களில் ஏற்பாடு உண்டு. சாதாரண நாட்களிலும் சிற்றூர்களிலும் பழைய வீதிகளிலும் பிற்பகல் ஒரு மணிக்குக் கடை சாத்தி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, நான்கு மணிக்குமேல் திறக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. நம் ஊரில் பகல் தூக்கம் போடுகிற கடைக்காரர் சோம்பேறி. அங்கே அது நேர ஒழுங்கு.

இதைச் சொல்லிவிட்டு, அங்கே சிறுவணிகன் சொர்க்கத்தில் வாழ்கிறான் என்று நாம் எழுதினால் அது பொய்யாகிவிடும். 1998இல் வந்த சட்டம் சிறு கடை திறப்பதற்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2011 டிசம்பரில் மோந்தி அரசு கொண்டுவந்த ஆணையால், 2012 முதல் எந்தக் கடையும் எந்த நேரமும், ஞாயிறு உட்பட, திறந்து வைக்கலாம் என்றாயிற்று. பெரிய சங்கிலிக் கடைகளுக்கு அது கொண்டாட்டம். கணவனும் மனைவியுமாக நடத்துகிற கடைக்கு அது திண்டாட்டம். 1971 முதல் இயங்கும் கான்ஃபெசர்சென்தி என்ற சிறுவணிகர் அமைப்பு இதை எதிர்த்துக் கையெழுத்து இயக்கமே நடத்தியது. தமிழ்நாட்டிலும் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019இல் அரசாணை வந்தபோது நாம் பேசியதைத்தான் அவர்களும் பேசியிருக்கிறார்கள். ஆக, நம்மைப் போலவே நெருக்கடியில் இருக்கிற வணிகர்கள் அவர்கள். அந்த நெருக்கடியிலும் ஆண்டுக்குச் சில நாள் கடையைத் தள்ளி வைக்கிற துணிவை அவர்கள் விடவில்லை. நாம் மதிப்பது அதைத்தான்.

நாம் கடையை அடைத்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. திறந்து வைத்துவிட்டுப் போகச் சொல்கிறோம். அடைப்பது சுலபம், ஒரு பூட்டுப் போதும். நாம் இல்லாமல் கடை திறந்திருப்பதுதான் கடினம். இந்த இதழ் உங்கள் கைக்குக் கிடைக்கும்போது மீதியிருப்பது 50 நாட்கள். பெட்டி கட்டுவதற்கு ஒரு நாள் போதும். மற்ற 49 நாட்களும் கடைக்கே தேவைப்படும் என்பது நம் கருத்து.

தேதியைத் தேர்ந்தெடுத்ததிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. மார்ச் 31 கணக்கு முடிப்புக்குப் பின், மே 5 மாநாட்டுக்குப் பின், மே 20இல் ஜி.எஸ்.டி. மூன்று பி தாக்கல் முடிந்த மறுநாள் புறப்படுகிறோம். ஜூன் 1ஆம் தேதி அங்கிருந்து கிளம்புகிறோம். அடுத்த தாக்கல் ஜூன் 11இல்தான். பள்ளிக்கூடம் திறந்து வியாபாரம் சூடு பிடிக்கும்போது நாம் கல்லாவில் இருப்போம். ஏஜெண்டு ஆகஸ்டு மாதத்தில் சலுகை விலை என்று ஆசை காட்டினார். ஆகஸ்டில் அங்கே வெயில் கடுமை, பாதிக் கடைகள் விடுமுறை. கடைக்காரர்கள் ஊர் பார்க்கப் போய், மூடிய கடைகளைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன சுகம்?

இப்போது ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நாம் இல்லாத பத்து நாள் நம் கடையில் யாருக்கு என்ன தெரியும்? மகனுக்கு விற்பனை விலை தெரியும். அடக்க விலை தெரியுமா? எந்த மண்டியில் மூன்று நாள் தவணை, எந்த மண்டியில் பதினைந்து நாள் தவணை என்று தெரியுமா? சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வந்து ஐந்து மூட்டை துவரம்பருப்பு கடன் கேட்டால், அவருடைய பழைய பாக்கி எவ்வளவு, இவருக்கு எதுவரை கொடுக்கலாம் என்பது பேரேட்டில் இருக்கிறதா, அல்லது அப்பாவின் தலைக்குள் மட்டும் இருக்கிறதா? நம்மில் பலருடைய தொழில் இன்னும் தலைக்குள்தான் இருக்கிறது. தலை இத்தாலிக்குப் போனால் தொழிலும் கூடவே போய்விடும். இத்தாலியை விட்டுத் தள்ளுங்கள், ஒரு மாரடைப்பு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன ஆகும்? அப்படிப் படுத்த வீடுகளில், யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரியாமல் வரவேண்டிய பணம் வராமலே போன கதை நம் தெருவிலேயே உண்டு. பயணம் என்பது அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே, நல்ல உடம்போடு இருக்கும்போதே பதில் எழுதிவைக்க ஒரு வாய்ப்பு.

ஆகவே சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் ஒரு வாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் கடைக்குப் போகாமல் இருந்து பாருங்கள். ஊரிலேயே இருங்கள், ஆனால் போகாதீர்கள், போனும் செய்யாதீர்கள். மூன்றாம் நாள் இரவு உட்கார்ந்து எது எது தடுமாறியது என்று எழுதுங்கள். தடுமாறுவது பெரும்பாலும் சில்லறை விஷயங்களாகவே இருக்கும். இ-வே பில் போடும்போது ரகசிய எண் யார் கைபேசிக்கு வருகிறது? வங்கியின் ரகசிய எண் எந்த எண்ணுக்கு வருகிறது? அந்தக் கைபேசி ரோம் நகரத்தில் அணைந்து கிடந்தால் லாரி இங்கே நிற்கும். வேறொருவர் எண்ணையும் சேர்ப்பதற்கு, கையெழுத்து அதிகாரம் கொடுப்பதற்கு வங்கியில் நாள் பிடிக்கும், இப்போதே மனுக் கொடுங்கள். வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் மட்டும் யாருக்கும் வேண்டாம். மகனே ஆனாலும் வேண்டாம். இழுப்பறையில் கிடக்கிற காசோலை யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. உணவுப் பாதுகாப்பு உரிமம், தராசு முத்திரை இவை அந்தப் பத்து நாளில் காலாவதி ஆகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

சரக்கைப் பொறுத்தவரை, மே மாதம் வற்றல், வடகம், ஊறுகாய் போடுகிற காலம். மிளகாய், வெந்தயம், கடுகு, நல்லெண்ணெய் நன்றாக ஓடும். 20ஆம் தேதிக்குள் அதற்கான கொள்முதலை முடித்துவிட்டால், பையன்கள் விற்றால் மட்டும் போதும். விலை ஏற்ற இறக்கத்தில் முடிவெடுக்க வேண்டிய சுமை அவர்கள் தலையில் விழாது. ஒரு எல்லை மட்டும் எழுதிக் கொடுங்கள்: இவ்வளவு தொகைக்கு மேல் வாங்காதே, இவ்வளவுக்கு மேல் கடன் கொடுக்காதே. எல்லைக்குள் அவன் எடுக்கிற முடிவை, திரும்பி வந்தபின் வாடிக்கையாளர் முன்னிலையில் குறை சொல்லக் கூடாது.

போன் விஷயத்தில் ஒரு கட்டுப்பாட்டைக் குழுவே ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறோம். அந்தக் கோடை மாதங்களில் இத்தாலி நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். நம் ஊரில் கடை திறக்கும் காலை ஒன்பது மணி, அங்கே விடியற்காலை ஐந்தரை. அப்போது பேச ஆரம்பித்தால் அறையில் அம்மாவின் தூக்கமும் கெடும், அன்றைய நாளும் கெடும். நம் ஊரில் கல்லாக் கணக்கு முடிக்கிற இரவு ஒன்பதரை, அங்கே மாலை ஆறு. அந்த ஒரு வேளை, பத்து நிமிடம், வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, ஏதாவது அவசரமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட வேண்டும். கொலோசியத்தின் நடுவில் நின்றுகொண்டு உளுந்து விலை பேசுகிறவரைக் குழுவிலிருந்து தள்ளி நடக்கவிட வேண்டியதுதான்.

இனிக் காகித வேலை. ஷெங்கன் விசாவுக்கு ஏஜெண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று பலர் சும்மா இருக்கிறார்கள். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்லத்தக்கதாகவும் இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். விரல் ரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. புறப்பாட்டுக்கு 15 நாள் முன்பு வரை மனுச் செய்யலாம் என்று விதி இருக்கிறது. அதை நம்பிக் கடைசி வரை இருப்பது, தீபாவளிக்கு முதல் நாள் சரக்குக்கு ஆர்டர் போடுவது போல.

இதில் மனதைத் தொட்டுச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. விசா அதிகாரி வங்கிக் கணக்கையும் வருமான வரிப் படிவத்தையும் பார்க்கிறார். ஆண்டுக்குக் கோடி ரூபாய்க்குக் கொள்முதல் செய்கிற கடை, படிவத்தில் சம்பளக்காரரைவிடக் குறைந்த வருமானம் காட்டினால், மூன்று லட்ச ரூபாய்ப் பயணத்துக்கு இவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். மனுப் போடுவதற்கு முந்தின வாரம் கணக்கில் பெருந்தொகையை ரொக்கமாகக் கட்டுவதும் சந்தேகத்தைத்தான் வளர்க்கும். கணக்கை ஒழுங்காக வைத்திருக்கிற உறுப்பினர்களுக்கு இந்த வேலை ஒரு மணி நேரம். மற்றவர்களைப் பற்றி இங்கே எழுத வேண்டாம், அவர்களுக்கே தெரியும். பயணக் கட்டணத்தோடு ஏஜெண்டு வசூலிக்கிற மூலவரி நமது பான் எண்ணில் ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். அது செலவில்லை, முன்பணம், படிவத்தில் கழித்துக்கொள்ளலாம்.

பெயர் விஷயம் அதைவிடத் தொல்லை. கொலோசியத்துக்கு 2023 அக்டோபர் முதலும், பாம்பெய் பழம்பதிக்கு 2024 நவம்பர் முதலும் நுழைவுச் சீட்டு ஆள் பெயரில்தான். பாம்பெய்யில் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதுமில்லை. வாசலில் அடையாளச் சான்றோடு ஒப்பிடுவார்கள். நம்மவர்கள் சங்கப் பதிவேட்டில் மூன்று இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரை விரித்து ஒரு பெயர், கடைப் பெயர்ப்பலகையில் இன்னொரு பெயர். ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் கடைப் பெயரை அனுப்பியவர்களும் நம்மில் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, நகல் எடுத்துக் கொடுங்கள்.

அடுத்தது பயணத் திட்டம். முதலில் வந்த திட்டத்தில் ஒன்பது நாளில் எட்டு ஊர். காலையில் பெட்டி கட்டி, பஸ்ஸில் ஏறி, சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவது போல் ஒரு போட்டோ எடுத்து, மறுபடி பஸ். சரக்கு லாரி ஓட்டுகிறவர் கூட இப்படி அலைய மாட்டார். நாம் சண்டை போட்டு மாற்றிய திட்டம் இது: ரோம் நகரில் நான்கு இரவு, நேப்பிள்ஸில் இரண்டு, ஃபுளோரன்ஸில் இரண்டு, வெனிஸில் இரண்டு. நான்கே ஊர். விலை குறையவில்லை, ஆனால் கால் குறைந்த தூரம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் வருகிறது என்று பார்த்து இதைச் சரி செய்ய வேண்டும். வாத்திகன் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பு, அன்று இலவசம் என்பதால் கூட்டம் நெரியும். ஃபுளோரன்ஸின் உஃபீத்சி கலைக்கூடம் திங்கள் விடுமுறை.

நேப்பிள்ஸ் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பாம்பெய்க்காகத்தான். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த ஊர் அது. அரண்மனையைப் பார்க்க வேறு ஊர்கள் உண்டு. இரண்டாயிரம் ஆண்டு முந்திய கடைத்தெருவைப் பார்க்க இதுதான் இடம். வீதியோரக் கடைகளின் வாசற்படிக் கல்லில் பலகைகளைச் செருகி மூடுவதற்கான பள்ளம் அப்படியே இருக்கிறது. ஷட்டர் வருவதற்கு முன் நம் அப்பா காலத்துக் கடைகளில் எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி அடைத்தோமே, அதே ஏற்பாடு. பானைகள் பதித்த கல்லாப் பலகைகள் இருக்கின்றன. ஊர் மன்றத்தில், முத்திரை அளவுகளுக்கென்று குழி குழியாகக் கல்லில் செதுக்கிய அளவு மேசை ஒன்று உண்டு. கடைக்காரன் அளந்ததில் ஐயம் வந்தால் அங்கே கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கலாம். எடையளவு ஆய்வாளர் அன்றைக்கும் இருந்திருக்கிறார்! ஒரு வீட்டின் வாசல் தரையில் "இலாபமே, வருக" என்ற பொருளில் லத்தீன் எழுத்துக்களைக் கல் பதித்து வைத்திருக்கிறார்கள். நாம் கல்லாவுக்கு மேலே 'லாபம்' என்று எழுதிக் குங்குமம் வைக்கிற ஆட்கள். நமக்கு அந்த வாசல் அந்நியமாக இருக்காது.

அந்த ஊரில் 1938இல் கிடைத்த தந்தச் சிற்பம் ஒன்று இந்தியாவில் செய்தது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெசுவியஸ் வெடிப்பிலேயே உயிர்விட்ட பிளினி என்ற அறிஞர், இந்தியாவிலிருந்து வந்த கருமிளகு ராத்தல் நான்கு வெள்ளிக் காசு, வால் மிளகல்லாத திப்பிலி பதினைந்து வெள்ளிக் காசு என்று விலைப் பட்டியலே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் நாட்டுக்குப் போகிற ரோமப் பணத்தை எண்ணிப் புலம்பியவரும் அவரே. அந்தக் காசுகள்தான் கொங்கு நாட்டில் பானை பானையாகக் கிடைத்தன. அரிக்கமேட்டில் 1945இல் தோண்டியபோது இத்தாலிய மண்பாண்டங்கள் வந்தன. மிளகு மூட்டையைக் கையால் தொட்டுப் பிழைக்கிற நாம் அந்தத் தெருவில் இரண்டு மணி நேரம் நடக்காமல் வந்தால், போனதில் பாதி வீண்.

வெனிஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. 2024 முதல் அந்த ஊரில் சுற்றுலாக் குழு 25 பேரைத் தாண்டக் கூடாது, ஒலிபெருக்கி வைத்து விளக்கவும் கூடாது. நாம் 34 பேர். ஆகவே இரண்டு அணி, இரண்டு வழிகாட்டி என்று ஏஜெண்டிடம் இப்போதே எழுதி வாங்க வேண்டும். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற வார்த்தையை நாம் எந்த வியாபாரத்திலும் ஏற்பதில்லை, இதிலும் ஏற்க வேண்டாம். பகலில் மட்டும் வந்து திரும்புகிறவர்களிடம் குறிப்பிட்ட நாட்களில் அந்த ஊர் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறது. 2025இல் முன்னதாகப் பதிந்தவருக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் வந்தவருக்கு 10 யூரோ. இரவு அங்கேயே தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அதற்கும் பதிவுச் சீட்டு வேண்டும். தங்கும் விடுதிகளில் நகர வரி தனி. ரோமில் 2023 அக்டோபர் முதல் நான்கு நட்சத்திர விடுதிக்கு ஆளுக்கு இரவுக்கு ஏழரை யூரோ. இருவருக்கு நான்கு இரவு என்றால் 60 யூரோ. இது பேசிய தொகைக்குள் வருகிறதா, வெளியேயா? பில்லைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுவதைவிட இன்றைக்கே கேட்பது நல்லது.

வெனிஸில் ரியால்தோ பாலத்தருகே மீன் சந்தை இருக்கிறது. எந்த மீன் எவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். சைவக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள். நாம் பற்று வரவு என்று எழுதுகிற இரட்டைப் பதிவு முறையை, லூகா பச்சோலி என்ற துறவி விளக்கி 1494இல் அச்சிட்டதும் இதே ஊரில்தான். வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே எழுதி வந்த முறை அது. துறவி அதைப் புத்தகமாக்கினார்.

சாப்பாட்டுக் கவலை 34 பேரில் 30 பேருக்கு இருக்கிறது. நெய், பால்கோவா, தயிர் மிளகாய் இவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள். பால் பொருள்களையும் இறைச்சிப் பொருள்களையும் வெளிநாட்டவர் ஐரோப்பாவுக்குள் எடுத்துச் செல்லத் தடை. கறிவேப்பிலையும் கூடாது, எலுமிச்சையும் கூடாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போதும். எண்ணெய் கசியாமல் இரட்டை உறை. சுத்த சைவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: எல்லாவற்றின் மேலும் துருவிப் போடுகிற பார்மிஜானோ பாலாடைக் கட்டி, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற உறைபொருளைக் கொண்டு செய்வது. தக்காளிக் குழம்பில் செய்த பாஸ்தா, பூண்டும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் வதக்கிப் போடுகிற ஸ்பகெட்டி இவை பாலாடைக் கட்டி இல்லாமல் கேட்டால் கிடைக்கும். காப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ரோம் தெருக்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழாய்களில் குடிநீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பெட்டி பற்றி இல்லத்தரசிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஊர் ரயிலில் போகிறோம். நம் ஊர்ச் சிவப்புச் சட்டைப் போர்ட்டரை அங்கே எதிர்பார்க்க முடியாது. வெனிஸில் கார், ஆட்டோ எதுவும் கிடையாது. படிக்கட்டு வைத்த பாலங்களைப் பெட்டியோடு ஏறி இறங்க வேண்டும். தூக்க முடிகிற பெட்டியை மட்டும் கொண்டு வாருங்கள். புடவைக்கு எங்கும் தடையில்லை. தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. அரைக்கால் சட்டையைப் புதிதாக வாங்கி வைத்திருக்கிற ஆண்களுக்குத்தான் சிக்கல். வேட்டி கட்டி வருகிறவரை யாரும் தடுக்கப் போவதில்லை.

கால்தான் நமக்குப் பெரிய கவலை. கல்லாவில் சம்மணம் போட்டே உட்கார்ந்து பழகிய உடம்பு. அங்கே கல் பாவிய தெருக்களில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். இன்றிலிருந்தே காலையில் முக்கால் மணி நேரம் நடங்கள். புதுச் செருப்பை அங்கே போய்ப் போட வேண்டாம், இப்போதே வாங்கிப் பழக்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பதினைந்து நாளுக்கு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். கீழே போகிற பெட்டியில் வைக்காதீர்கள்.

வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக. தெருவோரம் விரித்துப் போட்டு விற்கிற போலிப் பைகளை வாங்கினால், வாங்கியவருக்கே 300 யூரோ முதல் 7,000 யூரோ வரை அபராதம் உண்டு. கடையில் வாங்கினால் ரசீது கேட்க வேண்டியதில்லை, தருவார்கள். 2020 முதல் சில்லறைக் கடைகளின் விற்பனை விவரம் எல்லாம் மின்னணு முறையில் வரித்துறைக்குப் போகிறது. ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரித் தொகையில் ஒரு பங்கை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம், பாஸ்போர்ட் காட்டி அதற்கான படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். பேரம் பேசுவதைச் சந்தைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். விலை ஒட்டியிருக்கிற மளிகைக் கடையில் போய்க் "கடைசி விலை என்ன?" என்று கேட்டால், நம் கடையில் அப்படிக் கேட்கிறவர்களைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோமோ அதையே அவரும் நினைப்பார்.

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் 34 பேரும் கூடுகிறோம். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல், மூன்று ஆண்டு வருமான வரிப் படிவம், ஆறு மாத வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று ஆகியவற்றோடு வரவும். நீங்கள் இல்லாத பத்து நாளில் கடைக்குப் பொறுப்பேற்கப் போகிறவர் மகனானாலும் மருமகளானாலும் பழைய சிப்பந்தியானாலும், அவரையும் கையோடு அழைத்து வரவும். முதல் ஒரு மணி நேரம் அவர்களோடுதான் பேச்சு. ஏஜெண்டு ஆறு மணிக்கு மேல் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறோம்.